கடவுளை விட்டவனின் ஓராள் நாடகம்: இரண்டாம் பாதியில் சிரிப்பு ஏன் நின்றுபோகிறது?

ஒற்றைநாற்காலி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒன்றேகால் மணி நேர ஓராள் நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நடிக்கப்போவதும் நானே. பக்தியில் ஊறி வளர்ந்த ஒருவன் நடுத்தர வயதில் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை இழக்கிறான். அந்தக் கதையை அவனே வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறான். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் டம்ளர், அவ்வளவுதான். எந்த மதம் என்று நாடகம் சொல்லாது.

தெரிந்தவர்கள் சிலரை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். முதல் பாதி பிய்த்துக்கொண்டு போனது. சின்ன வயதில் கடவுளோடு போட்ட பேரங்கள், பரீட்சைக்கு முன் வாரி வழங்கியதை ரிசல்ட் வந்தபின் பாதியாகக் குறைத்தது, எல்லாம் அறிந்தவர் என்று சொல்லிவிட்டு அவருக்கே தேர்வு எண்ணை இரண்டு தரம் ஒப்பித்தது. எல்லா இடத்திலும் சிரித்தார்கள். அவன் நிஜமாகவே நம்பிக்கையை விட்டதும் கூட்டம் அடங்கிவிட்டது. உருக்கத்தில் வந்த அமைதி என்றால் பரவாயில்லை. இது வாட்ச்சைப் பார்க்கிற அமைதி.

சிரிப்பு எங்கே போயிற்று என்று யாராவது சொல்லுங்களேன்.

---

நெத்தியடி எழுதியது:

அடி போதவில்லை தோழர், வேறொன்றும் இல்லை. நம்பிக்கை போனபின்தான் அவனுக்குக் கையில் சாட்டை கிடைக்கிறது. போலிகளை வெளுத்து வாங்க வேண்டிய இடம் அது. எம்.ஆர்.ராதா மேடையில் நின்று அடிக்காத அடியா? கூட்டம் எழுந்து ஓடிற்றா, கைதட்டிற்றா? நீங்கள் நடுவில் பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

---

வானதி_எழுத்து எழுதியது:

இரண்டாம் பாதியிலிருந்து ஒரு பத்தி போடுங்கள். பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியாது.

---

ஒற்றைநாற்காலி எழுதியது:

இதோ:

"அன்றைக்கு ஜன்னலைத் திறந்தேன். முதல்முறையாக வானத்தை வானமாகப் பார்த்தேன். இந்தப் பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டு. அதில் நான் ஒரு தூசி. ஆனால் சிந்திக்கிற தூசி! யாருக்கும் பயப்படாத தூசி! அடடா, இத்தனை நாள் எவ்வளவு பேர் எவ்வளவு ஏமாந்திருக்கிறோம்…"

---

பின்மேடைப்பூனை எழுதியது:

தூசியைக் கொஞ்சம் தட்டலாம்.

---

வானதி_எழுத்து எழுதியது:

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது விருது விழா ஏற்புரை மாதிரி இருக்கிறது. முதல் பாதியில் மேடையில் இருந்தவன் மாட்டிக்கொண்டு முழிப்பவன். இரண்டாம் பாதியில் அவனை வெளியே அனுப்பிவிட்டு ஜெயித்தவன் ஒருவனைக் கூட்டி வந்துவிட்டீர்கள். ஜெயித்தவனைப் பார்த்துக் கைதட்டலாம், சிரிக்க முடியாது. நெத்தியடி சொல்வதுபோல இன்னும் அடித்தால் கைதட்டல் கூடும். சிரிப்பு வராது.

ராதா மேடையில் செய்தது வேறு வேலை. எதிரே ஒரு மூடத்தனம் நிற்கும், அதை வெளியிலிருந்து குத்துவார். அவருக்கு எதுவும் பறிபோகவில்லை. உங்கள் ஆளுக்குப் பறிபோயிருக்கிறது. நம்பிக்கையைத் தாக்குகிற நாடகமும் நம்பிக்கை தொலைந்த நாடகமும் ஒன்றில்லை. முதல்பாதியில் இரண்டாவதை எழுதினீர்கள், பிற்பாதியில் முதலாவதற்குத் தாவிவிட்டீர்கள்.

ஜூலியா ஸ்வீனி என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகை இதே விஷயத்தை 2004-இல் ஓராள் நாடகமாகப் போட்டார். 'லெட்டிங் கோ ஆஃப் காட்' என்று பெயர். 2008-இல் படமாகவும் வந்தது. அதற்கு முன்பே தம்பியின் புற்றுநோயையும் தன் புற்றுநோயையும் வைத்து ஒரு சிரிப்பு நாடகம் செய்து நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே வரை போனவர். அதனால் துக்கத்தில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் தொடங்குவது ஒரு கதவுத் தட்டலில். மார்மன் சபையைச் சேர்ந்த இரண்டு பையன்கள் வந்து தங்கள் மதத்தின் கதையைச் சொல்கிறார்கள்: கி.மு. 600-இல் ஒரு குடும்பம் ஜெருசலேமை விட்டுக் கிளம்பிக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்தது, இத்யாதி. இவர் உள்ளுக்குள் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் எடுத்துவிடலாமா, மெதுவாக அல்லவா இங்கே வந்து சேர வேண்டும் என்று அவர்களுக்கு மனசுக்குள் யோசனை வேறு சொல்கிறார். பார்வையாளர்களும் அந்தப் பையன்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு ஒரு கேள்வி வருகிறது: நான் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் கதையை முதல்முறை கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும்? கன்னி, குழந்தை, உயிர்த்தெழுதல் என்று அவரே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போது சிரிப்பு திரும்பி அவர்மேலேயே விழுகிறது.

கடைசியில் நம்பிக்கை போகிற கட்டத்திலும் அவர் ஜன்னலைத் திறந்து வானம் பார்ப்பதில்லை. கடவுள் இல்லை என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போமே, பிறகு கழற்றிவிடலாம் என்று கண்ணாடி மாட்டுவதுபோல மாட்டிப் பார்க்கிறார். உடனே பதற்றம்: அப்படியானால் பூமி எப்படி அந்தரத்தில் நிற்கிறது? ஓடிப்போய் விழாமல் தாங்கிப் பிடிக்கலாமா என்று தோன்றுகிறது. அப்புறம்தான் ஈர்ப்பு விசை ஞாபகம் வருகிறது. இயற்பியல் தெரிந்த பெண்தான். ஆனாலும் அதுவரை பூமியைத் தாங்கிக்கொண்டிருந்தது அவர் மனசில் வேறு யாரோ. அந்த ஒரு நொடி அசட்டுத்தனத்தில் மொத்த நாடகமும் இருக்கிறது.

உங்கள் தூசிக்கு அப்படி ஒரு அசட்டு நொடி கூட இல்லை.

---

கூத்துப்பிரியன் எழுதியது:

வானதி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓராள் நாடகம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யாராவது நினைத்தால் தப்பு. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் பத்து ரூபகங்களில், அதாவது நாடக வகைகளில், 'பாணம்' ஒன்று. ஒரே அங்கம், ஒரே நடிகன். ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு ரசிகப் போக்கிரி வழியில் பலரைச் சந்திப்பான். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். வெட்டவெளியைப் பார்த்துப் பேசுவான், காதைக் கொடுத்துக் கேட்பான், "என்ன சொல்கிறாய்?" என்று திரும்பக் கேட்டு அவர்கள் பதிலையும் தானே சொல்வான். ஆகாசபாஷிதம் என்பார்கள்.

இல்லாத ஆளோடு பேசுவது பாணத்தில் வெறும் உத்தி. தம்பியின் நாடகத்திலோ கதையே அதுதான். முதல் பாதியில் அவன் மேலே பார்த்துப் பேசும்போது பார்வையாளருக்கு அது பிரார்த்தனை. பிற்பாதியில் அதே மாதிரி மேலே பார்த்துப் பேச வாயெடுத்தால்? இப்போது அவனுக்கே தெரியும் அங்கே யாரும் இல்லை என்று. ஆனால் வேறு யாரிடம் பேசிப் பழக்கம்? "என்ன சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நிற்கட்டும். ஒரு வசனம் வேண்டாம்.

இன்னொன்று. கடவுளைக் கிண்டல் செய்வது நமக்குப் புதிதில்லை. காளமேகம் செய்யாத நையாண்டியா? ஆனால் அது நிந்தாஸ்துதி, திட்டுவதுபோலப் புகழ்வது, உரிமை உள்ளவன் செய்கிற கேலி. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மனே 'மத்தவிலாசம்' என்று பிரகசனம், அதாவது கேலி நாடகம், எழுதினான். பிச்சைப் பாத்திரமான கபாலத்தை (மண்டையோட்டை) தொலைத்துவிட்டுப் புத்த பிட்சுமேல் பழிபோடும் குடிகாரக் காபாலிகன், அதாவது மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி, ஒருவன் கதை. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது நாய். அங்கேயும் கேலி ஆட்களின்மேல்தான், நம்பிக்கையின்மேல் இல்லை. நம்பிக்கை போனபிறகு வருகிற கேலிக்கு நம்மிடம் ராகம் குறைவு. அதனால்தான் தம்பி சொற்பொழிவில் போய் விழுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

மெய்யன்பன் எழுதியது:

நான் நம்புகிறவன். இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், உங்கள் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி வரப்போகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போலத்தான் இருப்பார்கள்.

தேர்வு எண் ஜோக்குக்கு நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். நாங்கள் தினமும் அவரோடு சண்டை போடுகிறோம், திட்டுகிறோம், பேசாமல் இருக்கிறோம். அதெல்லாம் உறவுக்குள் நடப்பது. "எவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறோம்" என்று ஆரம்பித்தீர்களே, அங்கேதான் நானும் வாட்ச்சைப் பார்ப்பேன். மனம் புண்பட்டு இல்லை ஐயா. உங்கள் ஆள் என்னைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

இன்னொரு குறையும் உண்டு. நீங்கள் போட்ட விவரத்தில் எங்கேயும் அவன் கடவுளை நேசித்ததாக இல்லை. பேரம் பேசியிருக்கிறான், பயந்திருக்கிறான், மார்க் கேட்டிருக்கிறான். ஒருநாளாவது ஒன்றும் கேட்காமல் சும்மா அவரோடு உட்கார்ந்திருந்தானா? பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு, யாரோ துணைக்கு இருக்கிறார் என்று திரும்பிப் படுத்தானா? என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே என்ன போயிற்று என்று தெரியும்? அவனிடம் இருந்தது ஒரு சில்லறைக் கொடுக்கல் வாங்கல். அது முறிந்தால் எனக்கென்ன?

---

வானதி_எழுத்து எழுதியது:

இழையிலேயே சிறந்த விமர்சனம் இது. நம்பாதவர்கள் நாங்கள் யாரும் இதைப் பிடிக்கவில்லை பாருங்கள்.

---

நெத்தியடி எழுதியது:

ஆகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எப்போதும் நாத்திகனே ஏன் அசடாக நிற்க வேண்டும்? வீட்டில் அவன்தான் திட்டு வாங்குகிறான். விசேஷங்களில் அவனைத்தான் ஒதுக்குகிறார்கள். "உனக்கு ஒரு கஷ்டம் வரட்டும், அப்போது பார்" என்ற சாபத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்கிறான். மேடையில் ஒரு ஒன்றேகால் மணி நேரமாவது தலைநிமிர்ந்து நிற்கக்கூடாதா? நம்புகிறவர் மனம் கோணாமல் சிரிக்கவைப்பதுதான் கலை என்றால் அது கலை இல்லை, சமாதானப் பேச்சுவார்த்தை.

---

வானதி_எழுத்து எழுதியது:

நியாயமான கேள்வி. அவன் கோழையாக இருக்க வேண்டாம். கருத்தில் அவன் ஒரு அடி பின்வாங்க வேண்டாம். 'கடவுள் இல்லை' என்று அவன் சொல்வதில் கடைசிவரை உறுதியாகவே இருக்கட்டும். அவன் உடம்பும் வாயும் மட்டும் அந்தச் செய்தியை இன்னும் கேள்விப்படாமல் இருக்கட்டும். கால்விரல் இடித்தால் வாய் "கடவுளே" என்கிறது. விமானம் குலுங்கினால் கை தானாகக் குவிகிறது, குவிந்த கையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிட்டார் என்று அதை அப்படியே கைதட்டலாக மாற்றுகிறான். இதில் அவன் கொள்கை தோற்கவில்லை. பழக்கம் கொள்கையைவிட மூத்தது, அவ்வளவுதான்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் இதைத் தலைகீழாகச் சொன்னார். அவர் இறந்தபின் 1670-இல் வெளிவந்த குறிப்புகளில் இருக்கிறது: நம்பிக்கை வரவில்லையா, நம்புகிறவர்கள் செய்கிற சடங்கையெல்லாம் நீயும் செய்துகொண்டே இரு, நம்பிக்கை பின்னாலேயே வரும் என்று. உங்கள் ஆளுக்கு நம்பிக்கை கிளம்பிப் போய்விட்டது, சடங்கு மட்டும் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது.

நிஜத்தில் இது மெதுவாக நடப்பது. டார்வின் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார், அவநம்பிக்கை மிக மெல்ல மெல்லத்தான் தன்மேல் படர்ந்தது, அதனால் வேதனையே தெரியவில்லை என்று. அவருடைய மகள் ஆனி 1851-இல் பத்து வயதில் இறந்தாள். அந்தச் சாவுதான் கடைசி அடி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவரோ அப்படி ஒரு நாளைக் குறித்துக் காட்டவில்லை. நாடகக்காரனுக்கு இது பெரிய தொல்லை. மெல்ல நடப்பதை மேடையில் எப்படிக் காட்டுவது? அதனால்தான் எல்லோரும் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். ஒரே நொடியில் ஞானம், பின்னணியில் புல்லாங்குழல்.

ஜன்னலை மூடுங்கள். போன தேதி அவனுக்கே தெரியாமல் இருக்கட்டும். ஒருநாள் காலையில், 'நான் கடைசியாக எப்போது வேண்டிக்கொண்டேன்?' என்று யோசிக்கிறான். ஞாபகம் வரவில்லை. அங்கேயே பாதி ஜோக், பாதி வயிற்றில் பிசைதல்.

---

பின்மேடைப்பூனை எழுதியது:

விளக்குக்காரன் தரப்பிலிருந்து சில வேண்டுகோள்கள்.

ஒன்று, தயவுசெய்து கடவுளுக்கு மேலிருந்து ஸ்பாட் லைட் கேட்காதீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கனத்த குரலில் ரெக்கார்டிங் அதைவிட மோசம். கடவுள் பதில் பேசிவிட்டால் உங்கள் நாடகம் முடிந்தது, இருக்கிறார் என்று ஆகிவிடும்.

நாற்காலி விஷயம்: டேவ் ஆலன் என்று ஓர் அயர்லாந்து நகைச்சுவைக்காரர், 1970-களில் பிபிசியில் உயர ஸ்டூலில் உட்கார்ந்து கையில் கிளாஸோடு பாதிரியார்களையும் போப்பையும் வறுத்தெடுத்தார். கத்தோலிக்கராகப் பிறந்து நம்பிக்கை விட்டவர். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் "உங்கள் கடவுள் உங்களோடு இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுத்தான் போவார். எழுந்து நின்று அதட்டுகிறவரிடம் அது எடுபட்டிருக்காது. உட்கார்ந்தே செய்யுங்கள். உங்கள் ஆள் எப்போதெல்லாம் எழுந்து நிற்கிறானோ அப்போதெல்லாம் பிரசங்கம் வருகிறது என்று உங்கள் தூசிப் பத்தியைப் படித்தாலே தெரிகிறது.

டம்ளரில் தண்ணீர் பாதி இருக்கட்டும். நிறைய ஊற்றினால் கை நடுங்குவது தெரியும் (உங்கள் கை, பாத்திரத்தின் கை இல்லை).

---

மட்டுறுத்துநர் எழுதியது:

'எந்த மதத்தில் மூடநம்பிக்கை அதிகம்' என்று தொடங்கிய பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே நாடகம் மட்டும்.

---

ஒற்றைநாற்காலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தூசியை எடுத்துவிட்டேன், ஜன்னலையும். மெய்யன்பன் ஐயா சொன்ன ராத்திரிக் காட்சியை முதல் பாதியில் வைத்திருக்கிறேன், அதில் ஜோக்கே கிடையாது. பிற்பாதிக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். அவன் நம்பிய காலத்தில் வைத்த வேண்டுதல் ஒன்று தீர்க்கப்படாமல் பாக்கி இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

(நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேலே பார்க்காமல், எதிரே பார்த்து)

"வேலை கிடைச்சா முதல் மாசச் சம்பளம் உனக்குன்னு சொன்னேன். கிடைச்சுது. முதல் மாசம் கொஞ்சம் நெருக்கடி. அடுத்த மாசம் தர்றேன்னு சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லலை. சரின்னுட்டேன்னு எடுத்துக்கிட்டேன். அப்படியே வருஷக்கணக்காச்சு. ஒருநாள்கூட நீ கேட்கலை. எனக்குத் தெரிஞ்சு கடன் கொடுத்துட்டு இவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டது நீ ஒருத்தன்தான்.

இப்போ நீ இல்லைன்னு ஆயிடுச்சு. கடன்?

(நிறுத்தம்)

கடன் கொடுத்தவர் இல்லைன்னா வாரிசுக்குப் போகணும். வாரிசு யாருன்னு பார்த்தா, எல்லாருமே உன் பிள்ளைங்கன்னுதான் சொல்லிக்கறாங்க. எண்ணூறு கோடிப் பேர். என் முதல் மாசச் சம்பளத்தை எண்ணூறு கோடியால வகுத்தா… (கணக்குப் போடுகிறான்) யாரும் வாங்கிக்க மாட்டாங்க, கோவிச்சுப்பாங்க.

விடு, மறந்துடலாம்னு பார்த்தா முடியலை. நம்பினப்போ ஒருநாள்கூட எனக்கு இது உறுத்தலை. நீதான் இருந்தியே, பார்த்துப்பேன்னு விட்டுட்டேன். நீ போனதுக்கு அப்புறம்தான் ராத்திரியில எழுந்து உட்கார்ந்து வட்டி போடறேன்."

---

கூத்துப்பிரியன் எழுதியது:

"வட்டி போடறேன்." அங்கே விளக்கை அணைத்துவிடாதீர்கள், கை அரிக்கும். தொடருங்கள். நன்றாக வந்திருக்கிறது.

---

நெத்தியடி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், இது என் சாட்டையைவிட நன்றாக இருக்கிறது. "வாரிசு" இடத்தில் ஒரு வரி கூட்டலாம்: எல்லோரும் பிள்ளைகள்தான், ஆனால் சொத்துப் பத்திரம் மட்டும் ஏன் ஒருசிலர் கையிலேயே இருக்கிறது? ஒரே ஒரு வரி தோழர். அதைக்கூட விடமாட்டேன் என்றால் எப்படி?

---

வானதி_எழுத்து எழுதியது:

அந்த வரி இருக்கட்டும், அவன் வியப்பாகக் கேட்டால். குற்றம் சாட்டினால் மறுபடி எழுந்து நின்றுவிடுவான்.

"எனக்குத் தெரிஞ்சு" என்று தொடங்கும் வாக்கியத்தில் "நீ ஒருத்தன்தான்" என்பதற்கு முன்னால் சின்ன இடைவெளி விடுங்கள். வகுத்தல் கணக்கைச் சுருக்குங்கள், விரல்விட்டு எண்ணி நடித்தால் காட்சி நீளும்.

இந்தக் காட்சிக்கு அடுத்து அம்மாவின் போன் வரலாம். ஸ்வீனி நாடகத்தில் கடவுள் நம்பிக்கை இல்லை என்று மகள் சொன்னபோது லேசாக வருத்தப்பட்ட பெற்றோர், பத்திரிகையில் அவரை 'நாத்திகர்' என்று போட்டதும் கொதித்துப்போகிறார்கள். போனில் அம்மா போடுவது கூச்சல். நம்பாமல் இருப்பது வீட்டு விஷயம், நாத்திகன் என்று பெயர் வந்தால் அது ஊர் விஷயம். நீங்கள் அதை எடுக்க வேண்டாம், உங்கள் அம்மாவை எழுதுங்கள். குரலை மட்டும் கீச்சென்று மாற்றாதீர்கள். அம்மாவைக் கேலிச்சித்திரமாக்கினால் மெய்யன்பன் ஐயா மட்டுமில்லை, நானும் எழுந்து போவேன். என் யோசனை: அம்மா சண்டையே போட வேண்டாம். "சரிப்பா, நீ நம்ப வேண்டாம், உனக்கும் சேர்த்து நானே வேண்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடட்டும். அதற்கு அவனிடம் எந்த வாதமும் கிடையாது.

---

மெய்யன்பன் எழுதியது:

என் அம்மா இதைத்தான் என் அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் பதிலே சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். கடைசியில் அந்தக் கடனை அவன் கட்டுகிறானா, இல்லையா? கட்ட வேண்டும் என்பது என் கட்சி. வாக்கு என்பது கேட்டவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது இல்லை.

---

நெத்தியடி எழுதியது:

கட்டினால் நாடகம் கெட்டது. "பார், கடைசியில் திருந்திவிட்டான்" என்று பேசிக்கொண்டே வெளியே போவார்கள். கட்டக்கூடாது. வேண்டுமானால் வட்டியை மட்டும் யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

---

கூத்துப்பிரியன் எழுதியது:

படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் அது வேறுவிதமான திருந்தல். அதுவும் ஆகாது.

---

வானதி_எழுத்து எழுதியது:

கட்டப் போகட்டும். வரிசையில் நிற்கட்டும். முன்னால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் வேண்டிக்கொள்ள வந்தவர்கள், இவன் ஒருவன்தான் கணக்கு முடிக்க வந்தவன். முறை வந்ததும் பணத்தை நீட்டிவிட்டு ரசீது கேட்கிறான். "யார் பெயருக்கு?" என்று கேட்கிறார்கள். அதற்கு அவன் என்ன சொல்வான் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது மேடையில் பலமுறை சொல்லிப் பார்த்தால்தான் வரும்.

---

ஒற்றைநாற்காலி எழுதியது:

ரசீது! இன்று ராத்திரியே எழுதிப் பார்க்கிறேன். அடுத்த வாசிப்புக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிடப்போவதில்லை, அவர்கள் எனக்காகச் சிரிக்கிறார்கள்.

---

பின்மேடைப்பூனை எழுதியது:

ரசீது காட்சியில் நிஜக் காகிதமா, வெறும் கைதானா? ப்ராப் பட்டியல் போடுகிறவன் நான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிஜக் காகிதம் என்றால் அதில் கையெழுத்து யாருடையது என்பதையும்.